வலிக்கு ஆறு மார்க்

பேராசிரியர் வெலிமிர் தோதிச் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நிற்பார், நடப்பார், ஒருக்களித்துப் படுப்பார். உட்காருவது மட்டும் முடியாது. இடுப்பில் ஆரம்பித்து இடது காலின் பின்பக்கமாகக் குதிகால் வரை ஒரு வலி. அவர் நாற்காலியை நோக்கிக் குனிந்தாலே போதும், அவருக்கு முன்னால் அது போய் உட்கார்ந்துகொள்ளும். மதியச் சாப்பாட்டை ஃபிரிஜ்ஜின் தலையில் வைத்து நின்றபடியே சாப்பிடுவார். அவர் மனைவி தெசாங்கா மேசையில் தனியாக உட்கார்ந்து, அவருடைய பெல்ட்டைப் பார்த்தபடி சாப்பிடுவாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இந்த மனுஷன் எதிரில் உட்கார்ந்து, முகத்துக்கு முகம் பார்த்து, ஒரு தட்டு சூப் குடிக்க வேண்டும்.

எங்கள் நிஷ் நகரத்தில் இடுப்பு வலி என்று வாயைத் திறந்தால் தெருவே மருத்துவக் கல்லூரி ஆகிவிடும். மேல்வீட்டுக்காரர் ராக்கியா சாராயத்தில் துணி நனைத்துக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். பாட்டிலில் மிஞ்சியதை மேல்வீட்டுக்காரரே குடித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரி முட்டைக்கோஸ் இலையைச் சுற்றச் சொன்னாள். சுற்றினார்கள். ஒரு வாரம் பேராசிரியர் ஊறுகாய்ப் பீப்பாய் மாதிரி மணந்தார். ஆனால் வலிக்குக் காரணம் என்ன என்று கேட்டால் ஊர் முழுக்க ஒரே பதில்தான்: குறுக்குக் காற்று. எங்கள் நாட்டில் யாரும் நோய் வந்து சாவதில்லை, ஜன்னலும் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்ததால்தான் சாகிறோம். தெசாங்கா இரண்டு கோடைக்காலம் ஜன்னலைத் திறக்காமல் வெந்தாள். வலி அசையவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் வலி சிகிச்சைப் பிரிவில் தேதி கிடைத்தது. வாங்கியது தெசாங்கா. அவள் பொறியியல் கல்லூரியின் மாணவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். வரிசையில் நிற்பவன் முகத்துக்கு நேராக ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, உள்ளே காபி குடித்தே ஓய்வு பெற்றவள். அப்படிப்பட்டவளையே ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதக்கணக்கில் போனில் காக்க வைத்தார்கள் என்றால் மற்றவர்கள் கதியை நினைத்துப் பாருங்கள்.

டாக்டர் ஒலிவேரா கண்ணுக்குக் கீழே வருடக்கணக்கில் தூக்கம் சேர்த்து வைத்திருப்பவர். "உக்காருங்க புரொபசர்" என்றார்.

"நான் வாழ்நாள் பூரா நின்னுதான் பாடம் நடத்தினேன்."

பொய்யில்லை. ஆனால் கேட்டதற்குப் பதிலும் இல்லை. உட்கார முடியவில்லை என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. டாக்டரும் வயதானவர்களின் வீம்பு என்று விட்டுவிட்டார்.

"சரி. வலி எவ்வளவு? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா உங்களால கற்பனை பண்ண முடிஞ்சதுலயே மோசமான வலி. ஒரு நம்பர் சொல்லுங்க."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. இரண்டு வருடமாக எல்லோரும் அவருக்குப் புத்திமதிதான் சொன்னார்கள். இப்போதுதான் ஒருத்தர் மார்க் போடச் சொல்கிறார். மார்க் போடுவது அவருடைய தொழில், அவருடைய மானம். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஐந்து என்றால் பெயில், ஆறு என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ், பத்து என்றால் உச்சம். தோதிச் கையால் பத்து வாங்கினவன் கிடையாது. ஒன்பது ஒரே ஒருவனுக்குக் கிடைத்தது. அவன் அந்த அதிர்ச்சியிலேயே ஜெர்மனிக்குப் போய்விட்டான். ஆறு வாங்கினவர்கள் வீட்டில் அன்றைக்குப் பன்றி சுட்டு விருந்து வைத்தார்கள்.

அவர் கண்ணை மூடி வலியை எதிரில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். "ஞாபகசக்தி இருக்கு" என்றார். "வருகைப் பதிவு முழுசு. ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல. ஆனா சொந்தச் சரக்கு கிடையாது. முதல் நாள் சொன்னதையே தினமும் ஒப்பிக்குது. ஆறு."

"ஆறா?"

"ஆறு. அதுவே தாராளம்."

டாக்டர் கம்ப்யூட்டரில் ஆறைத் தட்டினார். அந்த ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு புண்ணியவான் வகுத்த விதிப்படி, ஆறு வரைக்கும் களிம்பும் உடற்பயிற்சியும்தான். ஏழு என்று தட்டினால்தான் நரம்புக்குப் பக்கத்தில் ஊசி போடுகிற பக்கமே திறக்கும். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து அடுத்த மாதம் வரச் சொன்னார்.

வெளியே தெசாங்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். "ஊசி எப்போ?"

"ஆறுக்கு ஊசி கிடையாது. ஆனா நல்ல டாக்டர். கேள்வியைச் சரியா கேக்கறா."

"ஆறா? நேத்து ராத்திரி தலைகாணியைக் கடிச்சுக் கிழிச்சியே வெல்யா, அது ஆறா?"

"தலைகாணியைக் கடிக்க வெச்சுதுன்னு எட்டு குடுக்க முடியுமா? அப்புறம் மத்த வலிங்களுக்கு என்ன மரியாதை?"

"எந்த மத்த வலி? உன் உடம்புல என்ன வகுப்பா நடக்குது?"

வீட்டுக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் காலியாக இருந்த இரண்டு இருக்கைகளிலும் தானே உட்கார்ந்துகொண்டாள், ஒன்றில் அவள், இன்னொன்றில் கைப்பை. அன்றைக்கு அவ்வளவு கோபம்.

அடுத்த மாதம் போனபோது கதவுக்கு வெளியே பெரிய கூட்டம். எல்லோர் காலிலும் நீல பிளாஸ்டிக் உறை. கடைசி ஆள் யார் என்று கேட்டு அவருக்குப் பின்னால் நின்றுகொள்வது முறை. சும்மா ஒரு கேள்வி என்று சொல்லி எல்லோரையும் இடித்துக்கொண்டு உள்ளே போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வருவதும் முறைதான். பேராசிரியருக்கு முன்னால் நின்றவர் ஸ்தோயாதின், பூரெக் என்கிற அடுக்கு மாவுப் பலகாரம் விற்கும் கடைக்காரர். வருடக்கணக்காகப் பூரெக்குக்கு மாவு வீசி வீசித் தோள்பட்டை போய்விட்டது அவருக்கு.

"நீங்க எவ்ளோ சொன்னீங்க?" என்று கேட்டார் ஸ்தோயாதின்.

"ஆறு."

அந்த நடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குல்லா போட்ட ஒரு அம்மாள் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"ஆறெல்லாம் யாருய்யா சொல்லுவாங்க?" என்றார் ஸ்தோயாதின். "நான் பத்து. இந்தம்மா பத்து. அதோ மூலைல இருக்காரே, அவர் பன்னெண்டு சொன்னாரு, டாக்டர் பேரம் பேசிப் பத்துல முடிச்சா."

பேராசிரியருக்குக் காது சிவந்தது. இப்படி மார்க்கை வாரி இறைத்துத்தான் நாடு குட்டிச்சுவராகப் போனது என்பது அவருடைய நெடுநாள் கட்சி. "பத்து வாங்கற மூஞ்சியைப் பாரு" என்றார். "எங்க, சொல்லுங்க பாப்போம். எங்க வலிக்குது? எப்போ ஆரம்பிக்குது? எந்தப் பக்கமா இறங்குது? பாரம் தூக்கினா கூடுதா, சும்மா இருந்தா கூடுதா?"

ஸ்தோயாதின் விளக்கினார். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கையில்லாமல் பேச்சு வராது. கையைத் தோளுக்கு மேலே தூக்கவே முடியவில்லை என்பதை இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டி ஆட்டி உருக்கமாகச் சொன்னார்.

"அஞ்சு" என்றார் பேராசிரியர். "அடுத்த ஆள்."

"என்னது, பெயிலா? என் தோளு பெயிலா?"

"தயார் பண்ணிக்கிட்டு அடுத்த மாசம் வாங்க."

அதற்கப்புறம் நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. குல்லா அம்மாள் தன் முழங்காலுக்கு மார்க் கேட்டு முன்னால் வந்தாள். ஒரு போஸ்ட்மேன் கழுத்தோடு வந்தார். பேராசிரியர் நின்றபடி ஒவ்வொருவரையும் குடைந்து குடைந்து கேட்டார். வழவழா கொழகொழா என்று பேசியவர்களைத் தடுத்தார். காலையில் எப்படி, மாடிப்படியில் எப்படி, எந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிற்று என்று பதில் வரும்வரை விடவில்லை. குல்லா அம்மாளின் முழங்கால் ஏழு வாங்கியது. அவள் அன்றைக்கே பேரனுக்குப் போன் போட்டு, தோதிச் கையால் ஏழு என்று சொன்னாள். பேரன் அவரிடம் படித்தவனாம், பாட்டியை நம்பவில்லை.

உள்ளே டாக்டர் ஒலிவேராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழக்கமாக வருகிறவர்கள், 'பத்து டாக்டர், எல்லா இடமும் வலி டாக்டர், எல்லாம் காத்துதான் டாக்டர்' என்று அழுவார்கள். இன்றைக்கு ஒவ்வொருவரும் பரீட்சைக்குப் படித்தவர்கள் போல வந்து நின்று, எங்கே, எப்போது, எதனால் என்று கோர்வையாகச் சொன்னார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்தது. டாக்டர் பல வருடம் கழித்து அன்றைக்குத்தான் சூடான காபி குடித்தார்.

கடைசியில் பேராசிரியர் உள்ளே போனார். டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "புரொபசர், கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. ஏழுன்னு வெச்சுக்கலாமா? ஒரே ஒரு மார்க்தான்."

பேராசிரியர் நிமிர்ந்தார். அமைச்சர் வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது அவருக்கு, ஒரு மார்க்தானே என்று. மாணவனைப் பெற்றவர்கள் கட்டின ஆட்டுக்குட்டியோடு வாசலில் நின்றிருக்கிறார்கள், ஒரு மார்க்தானே என்று. குட்டியைக் குட்டியாகவே திருப்பி அனுப்பியவர் அவர். "டாக்டர், சிபாரிசு பண்றீங்களா?" என்றார்.

"நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"எல்லா அப்பா அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. ஆறு."

நர்ஸ் ஸ்லவிட்சா மட்டும் கெட்டிக்காரி. நடையில் அவரை மடக்கி, செவ்வாய்க்கிழமைதோறும் வந்து நின்று கூட்டத்தை இதே மாதிரி விசாரிக்கச் சொன்னாள். நிற்பதற்கு அவருக்கு என்ன கஷ்டம்? போனார். வெள்ளைச் சட்டை, டை கட்டிக்கொண்டு போனார். சனங்கள் முதல் நாளே வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்கள். எட்டு வாங்கின போஸ்ட்மேன் கழுத்தை நிமிர்த்தித் தெருவில் நடக்கப் பார்த்து, வலி கூடி, மறுபடியும் வந்தார். ஸ்தோயாதின் இரண்டாவது தடவையும் பெயில். ஊசி வேண்டியவர்களுக்கெல்லாம் ஊசி கிடைத்தது. பரீட்சை நடத்தினவர் மட்டும் களிம்பு பூசிக்கொண்டு ஃபிரிஜ்ஜோடு சாப்பிட்டார். தெசாங்காவுக்கு வயிறு எரிந்தது, எனக்கே சொல்லும்போது எரிகிறது.

மூன்றாவது மாதமும் அவர் ஆறு என்றார். அந்த நொடியில் கதவு திறந்து தெசாங்கா உள்ளே நுழைந்தாள்.

"நாங்க பிஸி" என்றாள் நர்ஸ் ஸ்லவிட்சா.

"சும்மா ஒரு கேள்வி" என்றாள் தெசாங்கா. இதற்கு எங்கள் நாட்டில் தடுப்பே கிடையாது. "டாக்டரம்மா, கல்லூரி விதி எனக்கு மனப்பாடம். ஒரே வாத்தியார்கிட்ட மூணு தடவை பரீட்சை எழுதி மார்க்குல திருப்தி இல்லன்னா, மாணவன் கமிட்டி கேக்கலாம். மூணு பேர் உக்காந்து விசாரிக்கணும். பழைய வாத்தியார் மார்க் போடக்கூடாது."

"யாரு மாணவன்?" என்றார் டாக்டர்.

"இவரு வலி. அது சார்பா நான் கேக்கறேன்."

பேராசிரியர் பல்லைக் கடித்தார். ஆனால் விதி விதிதான். அந்த விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை. "கேக்க உரிமை இருக்கு" என்றார் மெதுவாக.

டாக்டர் ஒலிவேரா கண்ணைத் தேய்த்துக்கொண்டார். இந்த நாட்டில் மருத்துவம் படித்து, வெளிநாடு போகாமல் இங்கேயே தங்கினவருக்கு இதெல்லாம் பெரிய ஆச்சரியம் இல்லை. "சரி. நான் ஒண்ணு, ஸ்லவிட்சா ரெண்டு. மூணாவது ஆள்?"

கதவில் காது வைத்திருந்த ஸ்தோயாதின் கதவோடு உள்ளே வந்து விழுந்தார். "நான் வரேன்" என்றார். இரண்டு தடவை பெயிலானவனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நர்ஸ் தொப்பியைச் சரி செய்துகொண்டாள். டாக்டர் எங்கே, எப்போது, எப்படி என்று வழக்கமானதைக் கேட்டார். பேராசிரியர் பிசிறில்லாமல் பதில் சொன்னார், மூன்றாவது மனிதனின் சங்கதியைச் சொல்வது போல. இடம் சொன்னார், திசை சொன்னார், உட்காருவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இதிலும் ஆறுதான் வரும் போலிருந்தது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றார், இத்தனை நாளும் அவரை நின்றபடியே பார்த்திருந்த ஸ்தோயாதின். "புரொபசர், ஆறுதானே உங்க வலி? தட்டுத்தடுமாறிப் பாஸ். அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்."

"அப்போ உக்காருங்க பாப்போம்."

தெசாங்கா ஒரு அடி முன்னால் வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். பேராசிரியர் நாற்காலியைப் பார்த்தார். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறவனை அவர் வாழ்நாள் முழுக்கப் பெயில் போட்டிருக்கிறார். டையைத் தளர்த்தினார். மேசையின் விளிம்பைப் பிடித்தார். இறங்கினார்.

பாதி வழியில் நின்றுவிட்டார். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. முழங்கால் மடிந்து, பின்பக்கம் அந்தரத்தில், இரண்டு கையும் மேசையில். நெற்றியிலிருந்து வேர்வை டாக்டரின் கம்ப்யூட்டர் மேல் சொட்டியது. உலகத்தில் எந்தப் பேராசிரியரும் அப்படி ஒரு கோலத்தில் கமிட்டி முன்னால் நின்றிருக்க மாட்டார். ஸ்தோயாதின் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே இருந்தது.

"புரொபசர்" என்றார் டாக்டர். எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேராகத் தானும் குனிந்தார். "உங்களால உக்காரவே முடியாதா? எத்தனை நாளா?"

தெசாங்காதான் சொன்னாள், "ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா! என்கிட்ட ஏன் சொல்லல? இதுக்கா ஆறு போட்டீங்க?"

"பத்து..." என்றார் பேராசிரியர். மூச்சு வாங்கியது. "பத்து குடுத்துட்டா, அப்புறம் மேல இடமே இல்ல டாக்டர். நாளைக்கு இதைவிட அதிகமா வந்தா நான் என்ன குடுப்பேன்? எதைச் சொல்லுவேன்? அதான்... இடம் விட்டு வெச்சிருக்கேன். நாலு மார்க் இடம் விட்டு வெச்சிருக்கேன்."

நர்ஸ் ஸ்லவிட்சா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்பர் வேண்டாம்" என்றார் டாக்டர். "நம்பரை விடுங்க. இப்போ எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் வாய் கோணியது. பாடம் நடத்தின வாய், கல்லூரியே நடுங்கின வாய்.

"வலிக்குது" என்றார். "ரொம்ப வலிக்குது டாக்டர்."

இரண்டு வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தெருவிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லவில்லை, தலையணையிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்தோயாதின் ஓடி வந்து அக்குளுக்குள் கையைக் கொடுத்து, தன் தோளைப் பற்றிய நினைப்பே இல்லாமல் அவரை ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினார். அதற்கப்புறம்தான் ஐயோ என்று தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

டாக்டர் கம்ப்யூட்டரில் என்ன நம்பரைத் தட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. ஊசி போடுகிற பக்கம் திறந்தது. "வியாழக்கிழமை காலைல வாங்க, ஒண்ணும் சாப்பிடாம" என்றார். "ஒரே ஊசில எல்லாம் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். குறையலைன்னா வந்து சொல்லணும். இதே மாதிரி சொல்லணும்."

வெளியே கூட்டம் வழி விட்டது. இரண்டு பேரும் நடையின் கடைசி வரை நடந்தார்கள். படிக்கட்டு வந்ததும் தெசாங்கா நின்று, கைப்பையால் அவர் தோளில் ஒரு அடி போட்டாள்.

"என்கிட்ட ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பயந்துடுவன்னு..."

"நான் ரெண்டு வருஷமா பயந்துக்கிட்டுதான் இருக்கேன் வெல்யா" என்றாள். "தனியா."

அவர் படிக்கட்டின் கைப்பிடியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்குவதற்கு வெகுநேரம் ஆனது. பின்னால் வந்தவர்கள் யாரும் இடித்துக்கொண்டு முந்தவில்லை.